நாற்பத்தைந்து

நாரின் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில்
எங்கள் துணைமின் நிலையம்.
ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.

மாலை ஆறு மணிக்கு ஊரே ஹீட்டரைத் தட்டும்.
அப்போது இரண்டாம் எண் டிரான்ஸ்ஃபார்மருக்கு
உடம்பு சுடும்.
வயிற்றில் நாற்பது டன் எண்ணெய்.
சுட்டால் பெருக்கும்,
பெருத்தால் இடம் கேட்கும்.
இரும்பு இடம் கொடுக்காது.

அதற்குத்தான் தலைமாட்டில் அந்த உருளை,
குறுக்கே படுத்த பீப்பாய்போல:
கன்சர்வேட்டர்.
பாதி எண்ணெய், பாதி வெற்றிடம்.
வெற்றிடத்தைக் கணக்குப் போட்டு, காசு கொடுத்து
வாங்கியிருக்கிறார்கள்.
ஏன் நிரப்பி வைக்கவில்லை என்று
வந்த புதிதில் கேட்டேன்.
கனிகெய் சிரித்தாள்,
"உன் நுரையீரலை நிரப்பி வைப்பாயா?"

சூட்டில் எண்ணெய் குழாயேறி உருளைக்குள் போகும்,
அங்கிருந்த காற்று கீழ்க்குழாய் வழியே வெளியேறும்.
குளிர்ந்தால் எண்ணெய் இறங்கும்,
காற்று திரும்ப வரும்,
சிலிக்கா ஜெல் மணிகளில் ஈரத்தைக் கழற்றி வைத்துவிட்டு,
கோயிலுக்குள் செருப்பை விட்டுவிட்டுப் போவதுபோல.
அடியில் கண்ணாடிக் கிண்ணம், அதில் கொஞ்சம் எண்ணெய்.
மூச்சு அதற்குள் குமிழாக வரும்.

பதிவேட்டில் எண்ணெய் மட்டம்:
ஞாயிறு நாற்பத்தைந்து.
திங்கள் நாற்பத்தைந்து.
செவ்வாய் நாற்பத்தைந்து.
புதன், தாலாய்பெக்கின் சாய்ந்த எழுத்தில்,
நாற்பத்தைந்து.

வியாழன் இரவு ஒன்பதரைக்குப் பாதி நகரத்துக்கு மின்வெட்டு.
பாரம் சட்டென்று இறங்கியது.
நான் காவல் அறையில்,
சம்சாவை ரேடியேட்டர் மேல் சுடவைத்துக்கொண்டு
பேனாவை எடுத்தேன்.
நாற்ப, வரை எழுதினேன்.

பாரம் இறங்கினால் சூடு இறங்கும்.
சூடு இறங்கினால் எண்ணெய் சுருங்கும்.
சுருங்கினால் நாற்பத்தைந்து எப்படி நாற்பத்தைந்தாகவே நிற்கும்?

டார்ச்சோடு வெளியே போனேன்.
அளவுக் கண்ணாடியில் பனி கட்டியிருந்தது.
ஏணியேறி, கையுறையால் தேய்த்தேன்.
இருபத்தெட்டு.

இறங்கி வந்து கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன்.
மேலே நீலமாயிருக்க வேண்டிய மணிகள்
எல்லாம் இளஞ்சிவப்பு,
ஒன்றோடொன்று உறைந்து ஒரே கட்டி.
எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கிறது,
குமிழ் ஒன்றுகூட இல்லை.
மூச்சு வாங்க வழியில்லாமல்
பெரிய இரும்பு தன்னைத்தானே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

அடைப்பைப் பட்டென்று திறந்தால்
காற்று பாய்ந்தேறும், எண்ணெய் ஓடும்.
குழாயில் குந்தியிருக்கும் வாயு ரிலே
ஏதோ பெரிய விபத்தென்று நினைத்து
டிரான்ஸ்ஃபார்மரையே அணைத்துவிடும்,
மீதிப் பாதி நகரமும் இருட்டாகும்.
பிஷ்கெக்குக்குப் போன் போட்டேன்.
"ரிலேயின் டிரிப்பை எடுத்துவிடுங்கள், வெறும் அலாரம் போதும்."
மறுமுனையில் கொட்டாவி.
பிறகு, "பெயர்?"
"புருல்சா அசனோவா."
"எழுதிக்கொண்டேன். செய்."

கனிகெய் தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தாள்.
கேபிளை நீட்டினோம்.
அது சுட்ட காற்றுக்கு மின்சாரம்
இந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே வந்தது.
இருவரும் அதைச் சொல்லவில்லை,
சொன்னால் சிரிப்பு வந்து கை நடுங்கும்.

இருபது நிமிடம். முப்பது.
காது மரத்தது.
பின், கிண்ணத்தில்
கடுகளவு ஒரு குமிழ்.
அது மேலேறும் முன்பே இன்னொன்று.
கனிகெய் டிரையரைத் தள்ளிப் பிடித்தாள்,
"மெதுவாக, மெதுவாக"
என்றாள், என்னிடமில்லை.

அறைக்குத் திரும்பி
எழுதிய பாதியை அடித்து, இருபத்தெட்டு என்றெழுதினேன்.
நேரம் பதினொன்று ஐம்பது.
சம்சா கருகியிருந்தது.

தாலாய்பெக்கைப் பற்றிக் காலையில்
மேலதிகாரி கேட்பார்.
செவ்வாய்க்கிழமை வரியைத் திருப்பிப் பார்த்தேன்.
அந்த நாற்பத்தைந்து
நேராக, அழகாக,
என் கையெழுத்தில் இருந்தது.